விசிலனுக்கு முளைத்த கை

திருவள்ளூர்
21.1.2024

அன்புள்ள தம்பி இம்மானுவேலுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் மாமா அன்புராஜும் சுகம். மாமாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, காலையில் நடக்கிறார். உன் சுகத்தையும் உன் மனைவி ஷைனியின் சுகத்தையும் அறிய ஆவல்.

டிசம்பரிலிருந்து ஆறு முறை ஃபோன் செய்தேன். ஒரு ரிங் போய் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய் என்று என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எனக்குப் பாடம் எடுத்தார்கள். இரண்டு பஸ் மாறினால் கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிடலாம். அம்மா அடக்கத்தன்று இனி என் வாசலுக்கு வராதே என்று நீ சொன்னது நினைவிருப்பதால் வரவில்லை. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய ‘சோழவரத்தில் இறங்கியவன்’ நாவலைச் சினிமாவாக எடுக்கிறார்கள். டைரக்டர் துளசிராமன் என்று ஓர் இளைஞர். படிக்கிற காலத்திலேயே ஏழெட்டு முறை வாசித்தாராம். வேறு கிரகத்துக்காரன் சோழவரத்துப் பழைய ரேஸ் ரோட்டைத் தனக்காகப் போட்ட ஓடுதளம் என்று நினைத்து இறங்குவது, ஆடு மேய்க்கிறவர் வண்டியை ஓரமாகப் போடச் சொல்லி அவனை அதட்டுவது, அவன் வாயைத் திறந்தால் விசில் சத்தம் மட்டும் வருவதால் கேட் நோட்டில் ‘விசிலன்’ என்று பெயர் எழுதி ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்த்துக்கொள்வது எல்லாம் அவருக்கு வரி வரியாக மனப்பாடம்.

ஒரு சிக்கல். மில்லில் விசிலனின் கை போகிற அத்தியாயத்தை எழுதும்போது என் தம்பியை நினைத்துக்கொண்டேன் என்று ஒரு பேட்டியில் சொல்லியிருந்தேன். சினிமா கம்பெனி வக்கீல் அதைப் படித்துவிட்டார். உனக்கு ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வேண்டுமாம். படிவம் இணைத்திருக்கிறேன். பென்சிலில் குறி போட்ட இரண்டு இடங்களில் கையெழுத்திட்டு அனுப்பு.

உன் அக்கா
கிறிஸ்டினா


கும்மிடிப்பூண்டி
11.2.2024

கிறிஸ்டினா டீச்சர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நான் சுகம். ஷைனி தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு வேலைக்குப் போகிறாள், அவளும் சுகம். மாமாவைச் சோற்றைக் குறைக்கச் சொல். உன் சுகத்தைக் கேட்க எனக்கு மனசில்லை. கடிதம் என்றால் கேட்டாக வேண்டும் என்பதால் கேட்டுவிட்டேன்.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன்.

உன் புத்தகம் வந்த நாளிலிருந்து இந்த ஊரில் என் பெயர் விசிலு. இம்மானுவேல் என்று கூப்பிடுகிறவர்கள் ஷைனியும் பாஸ்டரும்தான். பாஸ்டரும் ஒரு தடவை ஜெபத்துக்கு நடுவில் வாய் தவறிவிட்டார். லாரி எடை போடும் வே பிரிட்ஜில் உட்கார்ந்து இடது கையால் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். டிரைவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு, “இன்னா விசிலு, இன்னும் மொளைக்கலியா” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். கதையில் ஒரே ராத்திரியில் அவனுக்குப் புதுக் கை முளைத்துவிடுகிறதாமே. உடனே கான்ட்ராக்டர், “அதான் கை வந்துச்சே, அப்பால இன்னாத்துக்கு லீவு” என்று கேட்பானாமே. அந்த வரியை பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு இங்கே பையன்கள் சுற்றினார்கள். ஒருநாள் பஸ்ஸில் என் ஊனமுற்றோர் பாஸை நீட்டினேன். கண்டக்டர் அந்த வரியைச் சொன்னார். பஸ்ஸே சிரித்தது. நல்ல மனுஷன்தான், அது நான் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறார்கள்.

உன் புத்தகத்தை நான் 112ஆம் பக்கம் வரைக்கும் படித்தேன். கை விழுகிற இடம். அதோடு மூடிவிட்டேன். மிச்சமெல்லாம் ஊர் சொல்லித்தான் தெரியும்.

எனக்குக் கை போனது 1999இல் ஒரு புதன்கிழமை. எனக்கு இருபத்திரண்டு வயசு. அது உனக்குச் சிரிப்புக் கதை. உனக்கு வேண்டியதை நீ முந்நூறு பக்கம் எழுதுவாய். எழுத வேண்டியதை எழுத மாட்டாய்.

இம்மானுவேல்


திருவள்ளூர்
25.2.2024

தம்பிக்கு,

இங்கு சுகம். மாமா சோற்றைக் குறைத்துவிட்டார், கோபத்தைக் கூட்டிவிட்டார். ஷைனியை விசாரித்ததாகச் சொல்.

பதினொரு பதிப்பு வந்த புத்தகம் அது. இன்றைக்கும் யாராவது வழியில் நிறுத்தி, விசிலன் தன் கிரகத்துக்கு அனுப்பிய முதல் அறிக்கையை அப்படியே ஒப்பிக்கிறார்கள்: ‘இவர்கள் காலை ஐந்து மணிக்கு ஒரு நீளமான இரும்புப் பிராணியின் வயிற்றுக்குள் தாங்களாகவே ஏறிக்கொள்கிறார்கள். அது இவர்களைத் தின்பதில்லை. சற்று மென்று, கும்மிடிப்பூண்டியில் துப்பிவிடுகிறது.’ பிழைப்புக்காக ரயிலேறிப் போகிற ஆயிரம் பேர் தங்களைப் பற்றி ஒருவர் எழுதிவிட்டார் என்று சந்தோஷப்பட்ட புத்தகம். உனக்கு மட்டும் அது உன்னைக் கேலி செய்கிற புத்தகம்.

விசிலன் நீ இல்லை. அவன் கெட்டிக்காரன். அவனுக்கு நன்றி சொல்லத் தெரியும். 112ஆம் பக்கத்தில் நிறுத்தியவனுக்கு 113ஆம் பக்கத்தைப் பற்றிப் பேச உரிமை இல்லை.

நீ கையெழுத்துப் போடாவிட்டால் படம் நின்றுவிடாது. கைக்குப் பதிலாகக் காலை வெட்டிக்கொள்ளலாம் என்று வக்கீல் யோசனை சொல்லியிருக்கிறார். துளசிராமனுக்கு அழுகையே வந்துவிட்டது.

‘எழுத வேண்டியதை எழுத மாட்டாய்’ என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். எதைச் சொல்கிறாய்? அதற்கு மட்டும் பதில் எழுது.

கிறிஸ்டினா


திருவள்ளூர்
28.3.2024

தம்பிக்கு,

உனக்கும் ஷைனிக்கும் ஈஸ்டர் வாழ்த்துகள். ஒரு மாதமாகப் பதில் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அடுத்தவரை வேக வைப்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்தது. மாமா ஒருமுறை நேரில் வந்து பேசட்டுமா என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

படிவத்தின் இன்னொரு பிரதி இதனுடன்.

கிறிஸ்டினா


கும்மிடிப்பூண்டி
28.4.2024

டீச்சர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே வெயில் கொளுத்துகிறது, மற்றபடி சுகம். அங்கே மாமா சுகமா?

உனக்கு வயிறு எரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போன திங்கட்கிழமை உன் சினிமாக்காரர்கள் இங்கே இடம் பார்க்க வந்தார்கள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் பின்பக்கம் மூடிக் கிடக்கிற ரோலிங் மில்லை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். அவர்களுடைய ஜெனரேட்டர் வண்டியை எடை போட நம் வே பிரிட்ஜுக்குத்தான் கொண்டுவந்தார்கள். நான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே தாடி வைத்த ஒரு பையன் என் முகத்தைப் பார்க்காமல் என் வலது தோளுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் உள்ளே வந்து, “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, நடிக்கிறீங்களா” என்று கேட்டான். அவன்தான் துளசிராமன்.

ஹீரோவுக்கு இரண்டு கையும் இருக்கிறது. கை போன பிறகு கிட்டத்தில் காட்டுகிற ஷாட்டுக்கெல்லாம் முழங்கைக்குக் கீழே இல்லாத ஒரு கை வேண்டுமாம். மெட்ராஸில் தேடி அலுத்துவிட்டார்களாம். நான் சரி என்றேன். ஆதார் கார்டை வாங்கிப் போனார்கள். இம்மானுவேல், தகப்பன் பெயர் ஆசீர்வாதம் என்று ஒரு ஃபைலில் ஏற்றியிருக்கிறார்கள். அதே இம்மானுவேல், தகப்பன் பெயர் ஆசீர்வாதம், கையெழுத்துப் போட மறுக்கிறான் என்று அவர்கள் வக்கீலிடம் இன்னொரு ஃபைல் இருக்கிறது. இரண்டையும் ஒருத்தரும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

ஏன் ஒத்துக்கொண்டாய் என்று ஷைனி கேட்டாள். இருபது வருஷமாக என் கையை வைத்து ஊரே சிரிக்கிறது, ஒரு தடவையாவது நான் அந்த இடத்தில் இருக்க வேண்டாமா என்றேன்.

இம்மானுவேல்


திருவள்ளூர்
3.5.2024

இம்மா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. நாளைக்கே கிடைக்கட்டும் என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன்.

அந்த மில்லுக்குள் போகாதே. படப்பிடிப்பு என்றால் இரும்பை நசுக்குகிற உருளைகளை ஓட்டிக் காட்டுவார்கள். சினிமாக்காரர்களுக்கு எது பழுது, எது நல்லது என்று தெரியாது. உனக்கு என்மேல் இருக்கிற கோபத்துக்காக அந்த மெஷின் பக்கத்தில் போய் நிற்காதே. துளசிராமனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் நீ வேண்டுமென்றே போவாய் என்று தெரியும்.

படிவத்தைக் கிழித்துப் போடு. எனக்கு வேண்டாம்.

கிறிஸ்டினா


கும்மிடிப்பூண்டி
16.6.2024

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். நான்கு நாள் படப்பிடிப்பு முடிந்துவிட்டது. உருளை ஒன்றும் ஓடவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்புக்குப் பதிலாகத் தெர்மோகோலுக்குச் சிவப்புச் சாயம் அடித்து வைத்திருந்தார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். விசிலனின் தோல் வெந்த கத்தரிக்காய் நிறம் என்று நீ எழுதிவிட்டாய். அதற்காகத் தினமும் இரண்டு மணி நேரம் என் தோளிலிருந்து பூசினார்கள். முனையில் ஒரு பச்சை உறையை மாட்டி, அதில் வெள்ளைப் புள்ளி வைத்தார்கள். அந்த இடத்தில் பிற்பாடு கம்ப்யூட்டரில் கை முளைக்கும் என்றார்கள்.

முதல் நாள் கை விழுகிற ஷாட். துளசிராமன் வந்து, “கை வுழுந்ததும் கீழ பாத்துத் தேடுங்கண்ணே, செருப்பக் காணோம்னு தேடுற மாதிரி” என்றார். நான் அப்படியே செய்தேன். அவருக்குத் திருப்தி. எனக்கு இல்லை. “தம்பி, அப்டி தேட மாட்டாங்க. போனதே தெரியாது. கை இருக்கறாப்லயே இருக்கும். நான் வேர்வயத் தொடைக்கத் தூக்கினேன், மூஞ்சில ஒண்ணும் படல. அப்பதான் பாத்தேன்” என்றேன். அவர் கையிலிருந்த பேப்பரில் ஒரு வரியை அடித்தார். பிறகு அதையே செய்யச் சொன்னார். முகத்தைத் துடைக்கப் போனேன். படவில்லை. மறுபடியும் துடைக்கப் போனேன். யூனிட்டே சிரித்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பார்க்க அப்படித்தான் இருந்தது. இந்தப் படத்தில் நான் சொல்லிக் கொடுத்த காமெடி அது.

மத்தியானம் சாப்பிடும்போது சுமலதா என்று அசிஸ்டென்ட் டைரக்டர் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் உன் புத்தகம். கை முளைத்ததும் அவன் என்ன செய்வான் என்று கேட்டேன். நீங்கள் படித்ததில்லையா என்று ஆச்சரியப்பட்டு 113ஆம் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். புதுக் கை விசிலன் பேச்சைக் கேட்பதில்லை. பல் விளக்கச் சொன்னால் விளக்குவதில்லை. தானாகவே ஒரு பென்சிலை எடுக்கிறது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதுகிறது. ‘மூணாம் உருளைக்கு மூடி இல்லை. யாருக்காவது அடிபடும் முன்னால் போடவும்.’ அதைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைக்கிறது. மேனேஜர் அதில் வடையை மடிக்கிறார். சுமலதா சிரித்துக்கொண்டே வாசித்தாள். நான் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டேன்.

அந்த இரண்டு வரி என்னுடையது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உன்னிடம் கொடுத்தேன். ஷிப்ட் ரிஜிஸ்டர் நான் எழுதுவதால் என் கையெழுத்து மில்லில் எல்லோருக்கும் தெரியும், மனு போட்டது நான் என்று கண்டுபிடித்தால் வேலை போய்விடும், நீ நல்ல தமிழில் எழுதி ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போடு என்றேன். நாளைக்கு எழுதுகிறேன் என்றாய். புதன்கிழமை கை போனது.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் பக்கத்தில் இருந்தாய். ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். மறந்தவளை எப்படியாவது மன்னிக்கலாம் என்று இத்தனை வருஷம் முயற்சி செய்துகொண்டிருந்தேன். நீ மறக்கவில்லை. ஒரு எழுத்து மாறாமல் வைத்திருந்து, உலகத்துக்கே விற்றிருக்கிறாய்.

அந்த இடம் படத்தில் வராது. கதை இழுக்கிறது என்று துளசிராமன் வெட்டிவிட்டார். சுமலதாதான் சொன்னாள்.

இனி உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

இம்மானுவேல்


திருவள்ளூர்
4.8.2024

தம்பி இம்மானுவேலுக்கு,

நீயும் ஷைனியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மாமாவிடம் முதன்முதலாக நேற்றுச் சொன்னேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வாரப் பத்திரிகையின் போட்டிக்குச் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தேன். கடைசித் தேதி நெருங்கியிருந்தது. உன் சீட்டை நோட்டுக்குள் வைத்தேன். திங்கட்கிழமை கதையைத் திருத்தினேன். செவ்வாய்க்கிழமை படியெடுத்தேன். புதன்கிழமை காலையில் கதையைத் தபாலில் போட்டுவிட்டு, சாயங்காலம் உன் மனுவை எழுதலாம் என்று வீட்டுக்கு வந்தேன். அன்று காலை பதினொரு மணிக்கே ஆள் வந்து சொன்னார்கள்.

அந்தக் கதைக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. இதுவரை எந்தத் தொகுப்பிலும் அதைச் சேர்த்ததில்லை.

நான் திங்கட்கிழமையே எழுதிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். தபால் போய்ச் சேர இரண்டு நாள். ஒருவர் பிரித்துப் படிக்க வேண்டும். ஒருவர் கிளம்பி வர வேண்டும். எப்படிப் பார்த்தாலும் புதன்கிழமைக்குள் மூடி வருவதில்லை. எப்படிப் பார்த்தாலும் நான் எழுதவில்லை என்பதும் மாறுவதில்லை.

விற்றுவிட்டேன் என்கிறாய். அந்த இரண்டு வரியை எழுத வைப்பதற்காகத்தான் விசிலனுக்குக் கையை முளைக்க வைத்தேன். நீ படிப்பாய், படித்துவிட்டு வந்து என்னைக் கிழிப்பாய் என்று புத்தகம் வந்த வருடம் முழுவதும் கேட் சத்தம் கேட்டால் எழுந்து எழுந்து பார்த்தேன். நீ ஒரு பக்கம் முன்னாலேயே மூடி வைத்துவிட்டாய். ஊரோ கான்ட்ராக்டர் வசனத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு வரியைப் பற்றி இதுவரை ஒரு வாசகரும் எனக்கு எழுதியதில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அந்தப் பதினெட்டு நாளில் நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனு எழுதினாயா அக்கா என்று கேட்டிருந்தால் அங்கேயே உன் காலில் விழுந்திருப்பேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். உனக்கு நினைவிருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே இருபத்தைந்து வருடம் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்திருக்கிறேன். கடைசியில் அந்தப் பயமே வெறுப்பாகிவிட்டது. அம்மா அடக்கத்தில் நீ என்னைத் துரத்தியபோது, உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மன்னிப்புக் கேட்கவில்லை. நீ கொடுக்க மாட்டாய். கொடுத்தால் எனக்குத் தாங்காது.

கிறிஸ்டினா


கும்மிடிப்பூண்டி
22.9.2024

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே சுகம். மாமா சாப்பிடுகிறாரா?

இது உன் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஒரு சமாச்சாரம் நடந்தது, அதைத் தெரிவிக்க எழுதுகிறேன்.

சினிமா கம்பெனியில் யாரோ இரண்டு ஃபைலையும் ஒன்றாக வைத்துவிட்டார்கள். துளசிராமன் அலறியடித்துக்கொண்டு வே பிரிட்ஜுக்கு வந்தார். வெளியே ஆறு லாரி நிற்கிறது, உள்ளே அவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். விசிலனே நீங்கள்தானா அண்ணே என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். என் கையை வைத்து இன்னும் இரண்டு ஷாட் பாக்கி இருக்கிறது, படிவத்திலும் கையெழுத்து வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் படம் பெட்டிக்குள் போய்விடும்.

அந்த இரண்டு வரி வருகிற இடத்தையும் படம் பிடித்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

“அண்ணே, படம் காமெடி. அந்த எடத்துல கதை நின்னுடும்” என்றார்.

“நிக்கட்டும் தம்பி. என் கதை அங்கதான் நின்னுச்சு” என்றேன்.

லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் எழுந்து போய் யாருக்கோ ஃபோன் செய்துவிட்டுத் திரும்பி வந்தார்.

போன வியாழக்கிழமை எடுத்தார்கள். எழுதுகிற கையும் என் கையாகவே இருக்கட்டும் என்றேன். எனக்கு இருப்பது இடது கை, முளைத்ததோ வலது கை. கேமராமேன் முடியாது என்றார். அந்தக் கிரகத்தில் எது வலது, எது இடது என்று யார் சார் பார்த்தார்கள் என்று சுமலதா கேட்டாள். அதோடு பேச்சு முடிந்தது. கத்தரிக்காய் நிறம் பூசிக்கொண்டு காலண்டர் தாளில் எழுதினேன். நாலு டேக். என் இடது கை எழுத்து கோணல். அதுவே நன்றாக இருக்கிறது என்றார்கள்.

படத்தில் வைப்பார்களா என்று தெரியாது. வைக்கிறேன் என்றுதான் துளசிராமன் சொன்னார். எடிட்டிங்கில் என்னென்னவோ போய்விடும் என்று சுமலதா தனியாகச் சொன்னாள். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். உனக்காகப் போடவில்லை.

நீ சுவர் என்று எழுதியிருந்தாய். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது உன்மேல் கோபத்தால் இல்லை. வலது பக்கம் திரும்பினால் கை இருக்க வேண்டிய இடத்தில் கட்டில் வெறுமையாகத் தெரியும். அதைப் பார்க்க முடியவில்லை.

இம்மானுவேல்


திருவள்ளூர்
18.1.2025

தம்பிக்கு,

உனக்கும் ஷைனிக்கும் பொங்கல் வாழ்த்து பிந்தி வருகிறது. மாமா சுகம். நான் சுகமில்லை.

பொங்கலுக்கு வந்த படத்தை நேற்று மாமாவோடு போய்ப் பார்த்தேன். ஆரம்பத்தில் என் பெயர் திரையில் வந்தபோது என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்கிருந்தோ கத்தினார்கள். ரேஸ் ரோடும் ஆடு மேய்க்கிறவரும் ரயிலும் நன்றாகவே வந்திருக்கின்றன. நானே சிரித்தேன். பிறகு மில் வந்தது. விசிலன் முகத்தைத் துடைக்கத் தூக்கியது உன் கை என்று எனக்குத் தெரிந்தது. கத்தரிக்காய் நிறத்துக்கு அடியிலும் தெரிந்தது. தியேட்டர் முழுவதும் சிரித்தது. என் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர்களுக்குச் சிரிக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

எழுந்து வெளியே வந்துவிட்டேன். மாமாவும் பின்னாலேயே வந்துவிட்டார். படத்தைப் பற்றி யார் பேச வந்தாலும் வேண்டாம் என்று கையமர்த்திவிடுகிறேன்.

நீ இருபது வருடம் எந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொண்டேன். நீ படம் பார்க்காதே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்டினா


கும்மிடிப்பூண்டி
23.1.2025

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நானும் ஷைனியும் சுகம். நீ சுகமில்லை என்று எழுதியிருந்தாய், டாக்டரைப் பார்த்தாயா?

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்குள் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஷைனி இழுத்துக்கொண்டு போனாள். இங்கே தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எஸ்டேட் ஆட்கள். என்னை எல்லோருக்கும் தெரியும். நுழையும்போதே விசில் அடித்தார்கள்.

மில் வந்தது. கை விழுந்தது. விசிலன் முகத்தைத் துடைக்கத் தூக்கினான். இங்கே யாரும் சிரிக்கவில்லை. ஃபேன் ஓடுவது கேட்டது. முன் வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இருபது வருஷம் என்னைக் கேலி செய்தவர்கள்தான். மணிகண்டன் என்று ஒரு லாரி டிரைவர், வாரத்துக்கு ஒரு தடவையாவது முளைத்ததா என்று கேட்கிறவன், அவன் தலையைக் குனிந்துகொண்டான். திரையில் விசிலன் இரண்டாவது தடவை துடைக்கப் போனான். எனக்கு அவனைப் பார்க்கச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. முதலில் சிரித்தது நான்தான். ஷைனி என் தொடையைக் கிள்ளினாள். அப்புறம்தான் தியேட்டர் சிரித்தது.

நீ பாதியில் எழுந்துவிட்டதால் உனக்குத் தெரியாது. அந்த இரண்டு வரி படத்தில் இருக்கிறது. துளசிராமன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். என் கோணல் எழுத்து திரை அகலத்துக்கு வருகிறது. பின்னால் ஒருத்தர் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். மூணாம் உருளைக்கு மூடி இல்லை. படித்து முடிக்கிற வரைக்கும் ஒருவரும் அசையவில்லை. அப்புறம் மேனேஜர் அதில் வடையை மடித்தபோது சிரித்தார்கள், நானும்தான்.

வீட்டுக்கு வந்து 113ஆம் பக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் உன் புத்தகத்தைப் படித்து முடித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடுகிறது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது வேறு.

இங்கே இன்னும் ஒரு வாரம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு வா. ஷைனி சமைக்கிறேன் என்கிறாள், மாமாவுக்குச் சோறு குறைவாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். தியேட்டரில் நீ என் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். பாசத்தால் சொல்லவில்லை. அந்த இடம் வரும்போது எழுந்து ஓடப் பார்ப்பாய். பிடித்து உட்கார வைக்க வேண்டும். அதற்கு ஒரு கை போதும்.

தம்பி
இம்மானுவேல்